கோசக்கோட்டைக்கு ஒரு தளபதி

அத்தியாயம் 6

மாங்கானத்து மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பொண்டாட்டி இருக்கிறதைக் கண்டுபிடிச்சுச் சொல்லி, அந்தக் கேஸுக்கு முழுக்குப் போட்ட மறுநாள் அது. ஞாயித்துக்கிழமை. கோட்டயத்துல மழை பெய்ஞ்சா வானத்துல யாரோ அண்டாவைக் கவுத்த மாதிரிதான் இருக்கும். பேக்கரி மாடியில இருந்த ஆபீஸ்ல பட்டப்பகல்லயே லைட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான் டிட்டோ.

லைட்டு போட்டதுக்கு மழை மட்டும் காரணமில்ல. ஜன்னலை அடைச்சுக்கிட்டு ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் தொங்குது. ஒலிவ்மலை என்ட்ரன்ஸ் அகாடமிக்காரங்க கட்டினது. கோட்டயத்துல டாக்டர் சீட்டுக்குப் படிக்கிற பிள்ளை ஒண்ணு நல்ல மார்க் வாங்கிட்டா, மறுநாள் காலையில அதோட மூஞ்சி ரோட்டோரம் ஆளுயரத்துக்கு வந்து நிக்கும். அப்படி வந்து நின்ன மூஞ்சி ஸ்டெஃபி மரியான்னு ஒரு பொண்ணோடது. அந்த மூஞ்சி வந்ததுல 'சாரம்மா குரியன், ரகசிய விசாரணை'ங்கற போர்டு காணாமப் போச்சு. கல்யாண விசாரணைக்கு வந்த ஒரு பொண்ணோட அப்பா, போர்டைத் தேடித் தேடிப் பார்த்துட்டு எதிர்ச் சந்துல இருக்கற ஆள்கிட்டப் போயிட்டார். அன்னையிலேருந்து சாரம்மாவுக்கு அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தாலே வயித்துல அமிலம் சுரக்கும்.

ஆனா இன்னைக்கு சாரம்மா சிரிச்சுக்கிட்டிருந்தா. ஃபோனைப் பார்க்கறா, சிரிக்கறா. நிமிர்ந்து டிட்டோ மூஞ்சியைப் பார்க்கறா, இன்னும் சிரிக்கறா.

"என் மூஞ்சியில என்ன சேச்சி எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்லடா. கோட்டையில குப்பை சேர்ந்துபோச்சு. கூட்டிக்கிட்டிருக்கேன்."

கோட்டைன்னதும் டிட்டோவுக்குச் சுருக்குன்னு வந்துச்சு. கோசக்கோட்டை. ஊரு பூரா அந்த விளையாட்டைத்தான் ஃபோன்ல தேய்ச்சுக்கிட்டிருக்கு. மலையாளத்துல கோசம்னா செல்லு. நம்ம உடம்புல இருக்கே, அந்தச் செல்லுதான் கோட்டை. நியூக்ளியஸ் அரண்மனை, மைட்டோகாண்ட்ரியா கரண்ட் ஆபீஸ், வைரஸுங்க எதிரிப் படை. ஆளுங்களை நிறுத்தி, திட்டம் போட்டு, கோட்டையைக் காப்பாத்தணும்.

"நீயும் ஏத்திக்கடா ஃபோன்ல. நல்லாத்தான் இருக்கு."

"என் ஃபோன்ல இடமில்ல."

"ஃபோன்லயா, மனசுலயா?"

டிட்டோ ஃப்ளெக்ஸ் பக்கம் திரும்பிக்கிட்டான். ஏன்னா, அந்த விளையாட்டை உண்டாக்கினவன் செபின். டிட்டோவும் செபினும் ஒலிவ்மலை ஹாஸ்டல்ல ஒரே ரூம். டாக்டர் என்ட்ரன்ஸை சேர்ந்தே மூணு தரம் எழுதினாங்க, சேர்ந்தே மூணு தரம் கவுந்தாங்க. சேர்ந்து விழுறதுல ஒரு சொகம் இருக்கு பாருங்க, ரெண்டு பேரும் சேத்துல உக்காந்து சிரிச்சுக்கலாம். கூட விழுந்தவன் எந்திரிச்சு, சேத்தைத் தட்டிவிட்டுட்டு ஓட ஆரம்பிச்சான்னா, கீழ கிடக்கறவனுக்கு அப்பதான் உண்மையிலேயே வலிக்கும்.

மாடிப்படியில ஈரச் செருப்பு சத்தம் கேட்டுச்சு. நினைச்ச ஆளு நேர்ல வந்து நிக்கறான். செபினேதான். கீழ நிக்கற புதுக் காரை டிட்டோ ஃப்ளெக்ஸ் ஓரமா எட்டிப் பார்த்தான். வெள்ளைக் காரு. சேறு அடிச்சிருந்துச்சு. அதுல ஒரு சின்ன திருப்தி.

"அளியா," செபின் பழைய மச்சான் உரிமையில அவன் தோளைத் தொட்டான்.

"முதலாளி," டிட்டோ தோளை நகர்த்திக்கிட்டான்.

சாரம்மா கட்டன் சாயா போட்டு, கீழயிருந்து பழம்பொரி வரவழைச்சு, பெரிய பழம்பொரியா எடுத்து செபின் தட்டுல வச்சா. டிட்டோ அதையும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தான்.

"சொல்லு மோனே."

"சேச்சி, விளையாட்டை ஊருக்குள்ள பரப்பணும்னு ஒரு க்விஸ் வச்சேன். முழுக்க முழுக்க செல்லைப் பத்தின கேள்வி. இங்க இருக்கற என்ட்ரன்ஸ் பிள்ளைங்களுக்கு அதானே மூச்சு. ஜெயிக்கறவங்க மூஞ்சியை விளையாட்டுல தளபதியா வைக்கறதா சொன்னேன். இன்னைக்கு சாயந்தரம் பள்ளி ஹால்ல விழா. தளபதி முகத்தைத் திரையில காட்டணும்."

"காட்டு. யாரு வேண்டாங்கறா?"

"ஒலிவ்மலை அகாடமி நடத்தற வர்க்கிச்சன் ஸார். ஜெயிச்ச பொண்ணு லிடியா, கேள்வி பேப்பரை முன்னாடியே பார்த்துட்டாங்கறார். கடைசிச் சுத்துல மூணே வார்த்தை படிச்சேன், அவ மணியை அடிச்சுப் பதிலைச் சொல்லிட்டா. பதிலும் சரி. பக்கத்துல உக்காந்திருந்தது ஸாரோட ஸ்டார் ஸ்டெஃபி. அவ மணி மேல கை வைக்கக்கூட நேரமில்ல."

"யாரு, இந்த ஜன்னல்ல தொங்கறாளே, அவளா?"

"அவளேதான். இந்தப் போட்டியில முதல் சுத்து ஃபோன்லயே நடந்துச்சு. எல்லாரும் வீட்டுலேருந்தே விளையாடினாங்க, அன்னைக்கே மார்க்கும் வந்துடுச்சு. அதுலயும் ஒரு கூத்து. நியூக்ளியஸ் இல்லாத ரத்த அணு எதுன்னு கேட்டு, சிவப்புன்னு பதில் வைக்கறதுக்கு வெள்ளைன்னு வச்சுட்டேன். பிள்ளைங்க சண்டைக்கு வந்துட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு எல்லாருக்கும் அந்த மார்க்கைப் போனஸாப் போட்டுச் சமாதானம் பண்ணினேன்."

"வெள்ளைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாதவன் கோட்டை கட்டியிருக்கான்," டிட்டோ சொன்னான். "இதுல மூணு வருஷம் பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு எனக்கு வேற சொல்லிக் கொடுத்தான். நான் ஏன் தோத்தேன்னு இப்பத்தானே தெரியுது."

செபின் சிரிச்சான். கோவப்படாம சிரிச்சதுல டிட்டோவுக்கு இன்னும் எரிஞ்சுச்சு.

"லிடியா என்ன சொல்றா?" சாரம்மா கேட்டா.

"'படிச்சேன், தெரியும்' அவ்வளவுதான். அதுவும் மூணாவது தரம் என்ட்ரன்ஸுக்கு முட்டிக்கிட்டிருக்கற பொண்ணு, சேச்சி. ஸார் அவளைக் கடைசி பெஞ்சு பேட்ச்ல தள்ளி வச்சிருக்கார். நேத்து சொன்னா, 'என் மூஞ்சியை எடுத்துடுங்க, பரவாயில்ல. ஆனா கள்ளின்னு மைக்ல சொல்லிடாதீங்க. அப்பா குமரகத்துலேருந்து போட் ஏறி வர்றாரு, கரையில இருக்கற எல்லாருக்கும் சொல்லிட்டு வர்றாரு'ன்னு. ஸார் விட மாட்டேங்கறார். அவளை மேடையில கூப்பிட்டு விலக்கி, ஸ்டெஃபியைத் தளபதியா அறிவிக்கணும், இல்லாட்டி அவரே மைக்கைப் பிடிப்பேங்கறார்."

"அவருக்கும் உனக்கும் ஏதாவது?"

"சேச்சி, முறையில ஒரு குறையும் வைக்கல. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வெத்தலை பாக்கு வச்சு, ஸார் கையில தட்சிணை கொடுத்து, ஆசீர்வாதம் வாங்கிட்டுத்தான் தொட்டேன்."

செபின் போனப்புறம் டிட்டோ சொன்னான், "கேஸ் முடிஞ்சுச்சு சேச்சி. கேள்வி எழுதினவன் இவன். தெரிஞ்சது இவன் ஒருத்தனுக்கு. இவன்தான் அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கான். இப்ப மாட்டிக்கிட்டு நம்மகிட்ட வந்து முழிக்கறான்."

"எதுக்குச் சொல்லிக் கொடுத்தான்?"

"அழகா இருப்பா."

"நீ பார்த்திருக்கியா?"

"இல்ல. ஆனா இவன் அதிர்ஷ்டத்துக்கு அழகாத்தான் இருப்பா."

சாரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தா. "எடா, நீ பொறாமைப்படறதுக்கு நான் சம்பளம் கொடுக்கல. வண்டியை எடு."

லிடியா தங்கியிருந்தது கன்னியாஸ்திரிங்க நடத்தற ஹாஸ்டல்ல. அங்க ஆம்பளைங்களுக்கு கேட்டுக்கு உள்ள இடமில்ல. அது லோகத்துக்கே தெரிஞ்ச சட்டம். சாரம்மா குடையை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. டிட்டோ மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டு கேட்டு ஓரத்துல நனைஞ்சுக்கிட்டு நின்னான். கேட்டைக் காவல் காத்த சிஸ்டர் அவனை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

"யாரைப் பார்க்க வந்தீங்க?"

"மழையைப் பார்க்க வந்தேன் சிஸ்டர். இங்க நல்லாத் தெரியுதுன்னு சொன்னாங்க."

அந்த நேரத்துல ஒரு பொண்ணு புஸ்தகப் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வெளிய வந்துச்சு. பார்த்த மூஞ்சியா இருக்கேன்னு யோசிச்சவனுக்கு சட்டுனு புரிஞ்சுது. தினம் ஜன்னல்ல பின்பக்கமாப் பார்க்கற மூஞ்சி, இப்ப முன்பக்கமா வருது.

"முழு மார்க் ராணியில்ல? நாங்க உன் மூஞ்சிக்குப் பின்னாடிதான் குடியிருக்கோம், மோளே."

ஸ்டெஃபி சிரிக்கல. மூஞ்சி சுருங்கிப்போச்சு. "அந்த ஃப்ளெக்ஸை எடுங்கன்னு ஸார்கிட்ட எத்தனை தரம் சொல்றது. எடுக்க மாட்டேங்கறார்."

இந்தக் காலத்துல இப்படி அடக்கமா ஒரு பிள்ளையான்னு டிட்டோவுக்குத் தோணுச்சு. "எங்க போர்டு மறையுதேன்னா கவலைப்படற?"

"இல்ல சேட்டா. எனக்குப் பிடிக்கல."

"லிடியா ஜெயிச்சது பிடிச்சுதா?"

அவ புஸ்தகப் பையை இன்னும் இறுக்கிப் பிடிச்சா. அப்புறம் மனசுல இருந்தது கொட்டிடுச்சு. "எனக்குப் புஸ்தகம் வரிக்கு வரி தெரியும். எந்தப் பக்கத்துல எந்தப் படம், அதுக்குக் கீழ என்ன எழுத்து, எல்லாம். அந்தக் கேள்வி புஸ்தகத்துல இல்ல. சத்தியமா இல்ல. அவ என் பக்கத்து ரூம். ராத்திரியில சிரிச்சுக்கிட்டுப் படிப்பா. படிக்கறப்போ யாராவது சிரிப்பாங்களா? எனக்கு ஒரு தரம்கூட சிரிப்பு வந்ததில்ல."

சொல்லிட்டு விடுவிடுன்னு நடந்துட்டா. டிட்டோவுக்கு உள்ளுக்குள்ள லட்டு தின்ன மாதிரி இருந்துச்சு. புஸ்தகத்துல இல்லாத கேள்வி. அப்ப எங்கேருந்து வந்துச்சு பதில்? செபின் வாயிலேருந்துதான். ஹால்ல எல்லார் முன்னாடியும் செபின் தலைகுனிஞ்சு நிக்கற காட்சியை மனசுல ஓட்டிப் பார்த்தான். நல்லா இருந்துச்சு. இன்னொரு தரம் ஓட்டினான்.

சாரம்மா சிரிச்சுக்கிட்டே வந்தா.

"லிடியா பெட்டி கட்டி வச்சிருக்காடா பாவம். விழா முடிஞ்சதும் அப்பாவோட போட்ல போயிடறதுன்னு. நான் கேட்டதுக்கு ஒரு கிழிஞ்ச புஸ்தகத்தை எடுத்துக் காட்டினா. கொடுன்னேன், கொடுத்துட்டா."

"என்ன புஸ்தகம்?"

"அப்புறம் சொல்றேன். உனக்கு என்ன கிடைச்சுது?"

டிட்டோ ஸ்டெஃபி சொன்னதை ஒண்ணு விடாம ஒப்பிச்சான், ஃப்ளெக்ஸை எடுக்கச் சொன்னது உட்பட. கடைசியில தன்னோட தீர்ப்பையும் சேர்த்துக்கிட்டான். சாரம்மா ஸ்கூட்டர் பின்னாடி ஏறி உக்காந்தா. கலெக்டரேட் ரோட்டைத் தாண்டினதும் அவன் முதுகுல தட்டினா.

"எடா. அந்த ஃப்ளெக்ஸ் நம்ம போர்டை மறைச்சது என்னைக்கு?"

"அதை மறக்க முடியுமா? முதல் சுத்து மார்க் வந்த மறுநாள் காலையில. நீங்க கீழ நின்னு அந்த ஆளுங்களோட மல்லுக்கு நின்னீங்களே, பேக்கரிக்காரர்கூட சாயாவை விட்டுட்டு வேடிக்கை பார்த்தார்."

"மறுநாள் காலையில. சரிதான். ஆபீஸுக்கு விடு. கயித்தை அறுத்து அதைக் கீழ இறக்கு."

"என்னது?"

"மடிச்சு எடுத்துக்கிட்டு வா. ஹாலுக்குப் போறோம்."

டிட்டோ எதுக்குன்னு கேக்கல. வயசான நாயிக்கு எலும்பு கிடைச்சா எதுக்குன்னு கேக்குமா? பேக்கரி ஏணியைப் போட்டு, வெட்டுக்கத்தியால கயித்தை அறுத்தான். ஸ்டெஃபி மூஞ்சி சரசரன்னு கீழ இறங்குச்சு. அதுக்குப் பின்னாடி, மாசக்கணக்கா வெயில் காணாத மாதிரி வெளுத்துப்போய், 'சாரம்மா குரியன், ரகசிய விசாரணை' தெரிஞ்சுது. சாரம்மா அதைப் பார்த்துட்டு தாலி திரும்பக் கிடைச்ச மாதிரி நெஞ்சைத் தொட்டுக்கிட்டா.

பள்ளி ஹால்ல மேடைக்குப் பின்னாடி ஒரு சின்ன அறை. அங்க வர்க்கிச்சன் ஸார் வெள்ளை முண்டும் ஜிப்பாவுமா நடுவுல உக்காந்திருந்தார். ஃபிசிக்ஸ் வாத்தியார். அந்த அகாடமியை ஒரு மாட்டுக்கொட்டாயில ஆரம்பிச்சு மூணு மாடிக்குக் கொண்டுவந்த மனுஷன், அதைச் சொல்லாம இருக்க முடியாது. ஒரு பக்கம் ஸ்டெஃபி. எதிர்ப்பக்கம் லிடியா, ஒல்லியா, எண்ணெய் வச்ச தலை, கண்ணு மட்டும் வீங்கி. டிட்டோ நினைச்ச மாதிரி அழகியெல்லாம் இல்ல. செபின் நின்னுக்கிட்டிருந்தான். ஸார் முன்னாடி அவன் இன்னமும் உக்காரறதில்ல.

திரைக்கு வெளிய ஹால் நிரம்பற சத்தம் கேட்டுச்சு. முதல் வரிசையில ஒரு கருத்த மனுஷர், புதுச் சட்டையில மடிப்புக் கலையாம உக்காந்திருந்தார். லிடியா அடிக்கடி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கிட்டா. அப்பாதான்.

"சாரம்மா, கல்யாணம் பேசற வேலையை விட்டுட்டு இதுக்கெல்லாம் எதுக்கு வர்றே?" ஸார் கேட்டார். அப்புறம் டிட்டோ பக்கம் திரும்பினார். "இவன் யாரு? ஓ, நம்ம கடைசி பெஞ்சு. மூணு தரம் எழுதி மூணு தரமும் மழையில நனைஞ்ச பப்படம். இப்ப துப்புத் துலக்கறானாக்கும்."

"ஆமா ஸாரே. உங்ககிட்டப் படிச்சதுல கிடைச்சது துப்பு ஒண்ணுதான்," டிட்டோ சொன்னான். சொல்லிட்டானே தவிர, பப்படம் தொண்டையில நின்னுச்சு.

"ஸாரே, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்," சாரம்மா சொன்னா. "மூணு வார்த்தை கேட்டதும் பதில் சொன்னா, அவ கள்ளி. அதானே உங்க கணக்கு?"

"முழுக் கேள்வியும் காதுல விழாம பதில் எப்படிம்மா வரும்? பேப்பர் கையில இருந்தாத்தான் வரும்."

"சரி. டிட்டோ, இங்க பாரு. கடைசிச் சுத்துல செபின் படிச்ச அந்த மூணு வார்த்தைதான்." சாரம்மா அவன் கண்ணைப் பார்த்தா. "கடலுக்கடியில குடை பிடிச்சுக்கிட்டு..."

"ஒத்தைச் செல்லா நிக்கும் அசிட்டபுலேரியா, குடையைப் பறிச்சாலும் மறுகுடை முளைக்கும்," டிட்டோ கடகடன்னு சொல்லிட்டான். சொன்னப்புறம்தான் தான் சொன்னது அவனுக்கே கேட்டுச்சு.

லிடியா சட்டுனு நிமிர்ந்து அவனைப் பார்த்தா.

செபின் மெதுவா வாயைத் திறந்தான். "குடை சாஞ்சா குற்றமில்ல, அரண்மனை கீழ இருக்கு. அளியா, அந்தப் பெட்டி."

"பழைய புஸ்தகம்," டிட்டோ முனகினான். "அந்தக் கடல்பாசிப் படத்துக்குக் கீழ சின்ன எழுத்துல ஒரு பெட்டிக்குள்ள போட்டிருக்கும். ரூம்ல பாட்டா பாடுவோம். ஒரு குடைதான் இருந்துச்சு ரெண்டு பேருக்கு."

சாரம்மா கைப்பையிலேருந்து அந்தக் கிழிஞ்ச புஸ்தகத்தை எடுத்து மேஜை மேல போட்டா. "புஸ்தகத்தைச் சுருக்கினப்போ இந்தப் பெட்டியை எடுத்துட்டாங்க. ஸ்டெஃபி பொய் சொல்லல, அவ புஸ்தகத்துல அது இல்லவே இல்ல. லிடியா முதல் தரம் எழுதினப்போ இருந்துச்சு. அதுக்கப்புறமும் புதுப் புஸ்தகம் வாங்காம இதையே புரட்டியிருக்கா. கேள்வி எழுதினவனும் அதே பழைய புஸ்தகத்துல மூணு வருஷம் குப்புறக் கிடந்தவன். கள்ளியைப் பிடிக்கணும்னா ஸாரே, இந்த ஊர்ல திரும்பத் திரும்ப எழுதித் தோத்தவங்க எல்லாரையும் பிடிச்சு உள்ள போடணும். உங்க அகாடமியில பாதி காலியாயிடும்."

லிடியா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "தோத்ததுனாலதான் தெரியும்னு எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது," அவ சொன்னது யாருக்கும் சரியாக் கேக்கல, பக்கத்துல நின்ன டிட்டோவுக்கு மட்டும் கேட்டுச்சு. அவன் மனசுல ஓட்டின படம் அறுந்து விழுந்துச்சு. செபின் சொல்லிக் கொடுக்கல. செபின் ஒண்ணுமே பண்ணல. அதுல அவனுக்கு வந்தது ஏமாத்தம்தான், உண்மையைச் சொல்லணும்ல.

ஸார் தொண்டையைச் செருமினார். "சரி, போகட்டும். ஆனாலும் என் பொண்ணுதான் முதல் சுத்துல முழு மார்க் வாங்கினவ. தகுதின்னு பார்த்தா..."

"அதான் ஸாரே, அதைப் பார்க்கத்தான் தூக்கிக்கிட்டு வந்தோம். டிட்டோ, விரி."

டிட்டோ ஃப்ளெக்ஸை விரிச்சான். தண்ணி சொட்டச் சொட்ட ஸ்டெஃபி மூஞ்சி தரையை நிறைச்சுது. கீழ ஆரஞ்சு எழுத்துல: கோசக்கோட்டை க்விஸ், முதல் சுற்று, முழு மார்க்.

"இதைக் கட்டினது மார்க் வந்த மறுநாள் காலையில. நான் கீழ நின்னு சண்டை போட்டேன், பேக்கரிக்காரர் சாட்சி. செபினே, போனஸ் மார்க் எப்பப் போட்டே?"

"ரெண்டு நாள் கழிச்சு, சேச்சி."

"அதுக்கு முன்னாடி, நியூக்ளியஸ் இல்லாதது சிவப்பு அணுன்னு சரியாச் சொன்ன பிள்ளைக்கு என்ன மார்க் விழுந்துச்சு?"

"பூஜ்யம். தப்புன்னு காட்டும். வெள்ளைன்னு போட்டிருந்தாத்தான்..." செபின் பாதியில நிறுத்திட்டான்.

"ம். படிச்ச பிள்ளைங்க எல்லாருக்கும் அன்னைக்கு ஒரு மார்க் குறைஞ்சுது. ஒருத்திக்கு மட்டும் குறையல. நியூக்ளியஸ் இல்லாதது சிவப்பணுன்னு இந்த ஊர்ல எட்டாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வரிக்கு வரி புஸ்தகம் தெரிஞ்சவ வெள்ளைன்னு போட்டான்னா, தன் படிப்பை நம்பாம வேற எதையோ நம்பிப் போட்டிருக்கா. எதை? செபினே, ஸாருக்கு தட்சிணை வச்சியே, வெத்தலை மேல என்ன வச்சே?"

செபின் ஸாரைப் பார்த்தான். "ஒத்தை ரூபாயும், முதல் சுத்துப் பேப்பரும். பதிலோட. செய்யற தொழிலை குரு கையில வச்சு வாங்கணும்னு அம்மா சொன்னாங்க."

"அந்தப் பொண்ணு மட்டும் பாவம், ஃப்ளெக்ஸை எடுங்க எடுங்கன்னு கெஞ்சியிருக்கு," சாரம்மா ஸ்டெஃபியைக் காட்டினா. "போனஸ் போட்ட அன்னைக்கே அதுக்குப் புரிஞ்சுபோச்சு, ஊருக்கு நடுவுல தன்னோட குத்தத்தையே தொங்கவிட்டிருக்காங்கன்னு. ஸாருக்குப் புரியல. ஸார் ஃபிசிக்ஸ்."

"சிவப்புன்னுதான் போடப் போனேன்," ஸ்டெஃபி சொன்னா. குரல் நடுங்கல, அதுதான் ஆச்சரியம். "ஸார் தந்த பேப்பர்ல வெள்ளைன்னு இருந்துச்சு. ஸார் தந்தது தப்பா இருக்காதுன்னு நினைச்சேன்."

வர்க்கிச்சன் ஸார் எந்திரிச்சார். கத்துவார்னு டிட்டோ நினைச்சான். அவர் கத்தல. செபினைப் பார்த்துக்கிட்டே பேசினார்.

"இவனை நான் மூணு வருஷம் படிக்க வச்சேன். ஒரு ஃப்ளெக்ஸ்ல கூட இவன் மூஞ்சி வந்ததில்ல. வர்ற மாதிரி இவன் எதுவும் பண்ணல. இன்னைக்கு என் வகுப்புல, என் முன்னாடி, பிள்ளைங்க மேஜைக்குக் கீழ இவனைத்தான் வச்சுத் தேய்க்குதுங்க. நான் போர்டுல எழுதறதை ஒருத்தன் பார்க்கறதில்ல. நான் டாக்டராக்கி அனுப்பினவங்க எத்தனை பேரு, ஒருத்தன் பேரு இந்த ஊர்ல எவனுக்காவது தெரியுமா? இவன் பேரு தெரியுது. தோத்தவன் பேரு. இவன் விழாவுல என் பிள்ளைதான் தளபதியா நிக்கணும்னு நினைச்சேன். அது தப்பா?"

அந்த வார்த்தையெல்லாம் டிட்டோவுக்குப் பழக்கமான வார்த்தை. அவன் ராத்திரி ராத்திரி தலகாணிக்கிட்டச் சொல்ற அதே வார்த்தை, இன்னொரு வாயிலேருந்து, நரைச்ச மீசைக்குக் கீழேயிருந்து வருது. இத்தனை வயசு வரைக்கும் இது போகாம கூடவே வருமான்னு அவனுக்கு முதல் தரமா பயம் வந்துச்சு.

"ஸாரே," செபின் சொன்னான், "நீங்க முதல் வரிசையில உக்காருங்க. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லப் போறதில்ல. லிடியா பேரைச் சொல்லும்போது கை மட்டும் தட்டுங்க."

ஸார் வெளிய போனார். முதல் வரிசைக்குப் போனாரா, வாசலுக்குப் போனாரான்னு கொஞ்ச நேரம் தெரியல. அப்புறம் திரை இடுக்கு வழியா டிட்டோ பார்த்தான். குமரகத்து மனுஷர் பக்கத்துல உக்காந்திருந்தார். அந்த மனுஷர் ஸார்னு தெரிஞ்சதும் எந்திரிச்சு நின்னு ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார், தன் பொண்ணை ஜெயிக்க வச்ச வாத்தியார்னு. ஸாருக்குக் கையை உருவவும் முடியல, வச்சுக்கவும் முடியல. அதுக்கு மேல ஒரு தண்டனையை சாரம்மா நினைச்சாலும் கொடுத்திருக்க முடியாது.

லிடியா கண்ணைத் துடைச்சுக்கிட்டு மேடைக்குக் கிளம்பினா. போறப்போ ஸ்டெஃபி முன்னாடி நின்னா.

"அந்தப் பழைய புஸ்தகத்தை உனக்குத் தரட்டுமா? ஆனா அது தோத்தவங்க புஸ்தகம். உனக்கு வேணாமில்ல?"

ஸ்டெஃபி தரையில கிடந்த தன் மூஞ்சியைப் பார்த்தா. "வேணும்," அப்படின்னா. "அதுல சிரிப்பு வர்ற மாதிரி இன்னும் இருக்கா?"

"நிறைய இருக்கு. உனக்கு வராது," லிடியா சொல்லிட்டு மேடை ஏறிட்டா.

திரையில லிடியா முகம் தளபதி வேஷத்துல, தலையில கவசத்தோட வந்தப்போ ஹால் அதிர்ந்துச்சு. செபின் மைக்ல ஒரு வார்த்தைதான் சொன்னான்: இந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்ச பொண்ணுன்னு. குமரகத்து அப்பா கை தட்ட மறந்து வாயைப் பிளந்துக்கிட்டிருந்தார்.

ஹாலுக்கு வெளிய மழை விட்டிருந்துச்சு. ஸ்கூட்டர் சீட்டைத் துடைச்சுக்கிட்டே டிட்டோ ஃபோனை எடுத்தான். "சேச்சி, இதை எப்படி ஏத்தறது?"

"இடமில்லன்னே?"

"கொஞ்சம் காலி பண்ணினேன்."

கோசக்கோட்டை திறந்துச்சு. அரண்மனை, கரண்ட் ஆபீஸ், மதில், காவல்காரங்க. அப்புறம் கோட்டையோட பின்வாசல்ல ஒரு குண்டு மனுஷன், வாயை ஆன்னு திறந்துக்கிட்டு, சேதாரமானதையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கித் தின்னுக்கிட்டிருந்தான். லைசோசோம். கோட்டையோட குப்பைக்காரன். கண்டதையும் முழுங்கி, செமிச்சு, கோட்டையைச் சுத்தமா வைக்கறவன். அவன் போகிற வழியில ஒத்தைக் குடை சாஞ்சு கிடந்துச்சு.

மூக்கு டிட்டோ மூக்கு. காது டிட்டோ காது. வலது புருவத்துல ஹாஸ்டல் படியில விழுந்த வெட்டுகூட இருந்துச்சு.

"முதல் நாள்லேருந்தே இருக்கான்டா," சாரம்மா சொன்னா. "நீ ஏத்தினாத்தானே பார்ப்பே. நான் இவனைப் பார்த்துத்தான் தினம் சிரிக்கறேன். செபின்கிட்டக் கேட்டேன். ஹாஸ்டல்ல எல்லார் சோத்தையும் தின்னவன் அவன்தான், அவன் இல்லாட்டி கோட்டை நாறிடும்னான்."

டிட்டோ ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டே நின்னான். தொண்டையில நின்ன பப்படம் மெதுவா இறங்குச்சு. அந்த வெள்ளைக் காரு பக்கத்துல நின்னுச்சு, சேறோட. போய்க் கர்ச்சீப்பால அந்தச் சேத்தைக் கொஞ்சம் துடைச்சான். யாரும் பார்க்கலன்னு நினைச்சுக்கிட்டு.

அப்புறம் திரும்ப ஃபோனைப் பார்த்தான். தளபதி லிடியா குதிரை மேல வந்து நின்னா. குப்பைக்காரன் டிட்டோ குனிஞ்சு வழி விட்டான்.

"சேச்சி."

"என்னடா?"

"நேத்து வந்தவளுக்குக் குதிரை. எனக்கு ஒரு சைக்கிள்கூடக் கிடையாதா?"